ஆறாயிரம் ரூபாய்க்குள் டைவ் டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டீர்கள். ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறீர்கள். அங்கே பயிற்சியாளரோடு ஒரு நைட் டைவ் செய்ய ஆசை. கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் ‘20,000 லூமன், ஐபிஎக்ஸ்8, டைவிங் டார்ச்’ என்று ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு, ஐபிஎக்ஸ்8 என்பது தண்ணீர் தாங்கும் தரத்தின் முத்திரை.) பெயர் கேள்விப்பட்ட கம்பெனியின் டார்ச்சோ வெறும் 1,000 லூமன்தான், விலை மட்டும் பல மடங்கு. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 1,500 ரூபாய் டார்ச்சை விட்டுவிடுங்கள். லூமன் கணக்கு பொய் என்பது ஒரு காரணம்தான், அதைக்கூட மன்னித்துவிடலாம். அது கடலுக்குள் எத்தனை முறை உலர்ந்தபடி திரும்பி வரும் என்பதுதான் கேள்வி. நான் எட்டு வருடமாக ஒரு டைவ் சென்டரில் சாமான்களைப் பராமரிக்கிறவன். வாடகை டார்ச்சுகளைக் கழுவுவது, ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றுவது, செத்ததைத் தூக்கிப் போடுவது எல்லாம் என் வேலை. வெளிச்சம் போதாமல் திரும்பி வந்த டார்ச் ஒன்றோ இரண்டோதான். தண்ணீர் புகுந்து வந்தவை ஒரு வாளி நிறையத் தேறும்.

முதலில், பகல் டைவுக்கே டார்ச் எதற்கு? தண்ணீர் வெளிச்சத்தை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து ஆறு மீட்டரிலேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 18 மீட்டரில் பாறையில் கை கீறி ரத்தம் வந்தால் அது கரும்பச்சையாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் பயந்ததுண்டு. டார்ச்சை அடித்தால் அதே ரத்தம் சிவப்பாகிவிடும். சாம்பல் கட்டை மாதிரிக் கிடந்த பவளக் கிளை செங்கல் நிறத்துக்கு வரும், பாறை இடுக்கில் நிழலாக நின்றது வரிவரியாகச் சிங்கமீனாக மாறும். ஆனால் டார்ச் வெளிச்சத்துக்கும் அதே விதிதான். அது மீன்வரை போய், பட்டு, உங்கள் கண்வரை திரும்பி வர வேண்டும். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் வெளிச்சம் நடப்பது நாலு மீட்டர். ஆகவே நிறம் திரும்புவது எப்போதும் பக்கத்தில்தான். 20,000 லூமன் கையில் இருந்தாலும் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பாறை நீலமாகத்தான் இருக்கும். இது புரிந்துவிட்டால் லூமன் மோகம் பாதி இறங்கிவிடும்.

மீதிப் பாதியை ஒரு சின்னக் கணக்கு இறக்கிவிடும். இந்த மலிவு டார்ச்சுகளுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு 18650 லித்தியம் பேட்டரி செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். நல்ல செல்லின் கொள்ளளவு 3,500 எம்ஏஎச் வரை, மின்னழுத்தம் 3.7 வோல்ட் சுமார். பெருக்கினால் 12, 13 வாட்-மணி. இன்றைய நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு நூறு லூமனைச் சுற்றித் தரும் என்று வைத்துக்கொள்வோம். 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். அந்த ஒற்றைச் செல்லிலிருந்து அவ்வளவையும் இழுத்தால் நாலு நிமிடம்கூட எரியாது. அதற்கு 50 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும், அது அந்த அளவுச் செல்லால் ஆகிற காரியமில்லை. ‘எக்ஸ்எம்-எல் டி6’ என்று பெட்டியில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்களே, அந்த எல்இடியை 3 ஆம்பியர், அதாவது சுமார் 10 வாட் வரை ஓட்டலாம். அது தருவது ஆயிரம் லூமன் பக்கம்தான். உண்மையில் 1,000 லூமன் தருகிற டார்ச் ஒரு செல்லில் ஒரு மணி நேரம் ஓடும் என்றால் கணக்கு நேராக வருகிறது. அந்தக் கம்பெனி உங்களிடம் பொய் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஓடும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆன்சி எஃப்எல்1 என்று டார்ச்சுகளுக்கு ஒரு அளவீட்டு முறை இருக்கிறது. அதன்படி லூமனை, எரியவிட்ட 30 வினாடிக்குப் பிறகு அளக்க வேண்டும். ஓடும் நேரம் என்பதோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதத்துக்கு இறங்கும்வரை. 1,000 லூமனில் தொடங்கி 100 லூமனில் முனகிக்கொண்டிருக்கும் கடைசி அரை மணியும் ‘இரண்டு மணி நேரம்’ என்பதற்குள் சேர்த்திதான். ஆகவே ஓடும் நேரத்தை வரைபடமாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் 50 நிமிடம் கோடு படுத்திருந்தால் போதும், ஒரு டைவ் அதற்குள் முடிந்துவிடும்.

லூமனைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது ஒளிக்கற்றையின் கோணம். மார்கழி விடியற்காலையில் திண்டிவனம் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் ஹைபீம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும், ரோடு மறைந்துவிடும். கலங்கிய தண்ணீரில் அகலமான வெளிச்சமும் அதே வேலையைச் செய்யும். மிதக்கிற ஒவ்வொரு துகளும் மின்னி உங்கள் கண்ணைக் கூசவைக்கும். புதுச்சேரியில் சில நாள் தண்ணீர் கண்ணாடி, சில நாள் நீட்டிய கையின் விரலே மங்கும். அந்த மாதிரி நாளில் குறுகலான கற்றைதான் துளைத்துக்கொண்டு போகும். 1,000 லூமனை 8 டிகிரிக்குள் அடைத்தால், அதையே 120 டிகிரிக்குப் பரப்புவதைவிட நடுவில் வெளிச்சம் கணக்குப்படி 200 மடங்கு அதிகம். ரிஃப்ளெக்டர் கொஞ்சம் ஓரத்தில் சிந்திவிடும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனால் வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். இரவில் சைகை காட்டவும் இந்தக் குறுகிய கற்றைதான் வேண்டும். ஆகவே முதல் டார்ச்சுக்கு 6 முதல் 15 டிகிரிக்குள் ஏதாவது.

கோப்ரோ கேமரா வைத்திருப்பவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள். வீடியோவுக்கு நூறு டிகிரிக்கு மேல் சீராகப் பரவும் வெளிச்சம் வேண்டும், அதற்குப் பல ஆயிரம் லூமனும் வேண்டும், சரிதான். அது வேறு சாமான், வேறு பட்ஜெட். ஒரே டார்ச்சில் இரண்டும் வேண்டும் என்று வாங்கினால் இரண்டுக்கும் உதவாததுதான் கையில் மிஞ்சும். ஆழம் குறைந்த பகல் டைவில் சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுங்கள், போதும். டார்ச் அடிக்கும்போது மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் செம்மண் பூசின மாதிரி வரும்.

இனி தண்ணீர் விஷயம். ஐபிஎக்ஸ்8 என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனையைத் தாங்கும், எவ்வளவு ஆழம் என்பதைத் தயாரித்தவரே சொல்ல வேண்டும். இரண்டு மீட்டருக்குச் சோதித்தவரும் அதே முத்திரையைக் குத்தலாம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். நீங்கள் இறங்கப் போவது 18 மீட்டர்தான் என்றாலும், ‘100 மீட்டர்’ என்று எண்ணாகவே எழுதியிருக்கும் டார்ச்சை மட்டும் பாருங்கள். திருகுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கு இரண்டு ஓ-ரிங் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலிவு டார்ச்சில் பின்மூடியில் இரண்டு இருக்கும், முன்னால் கண்ணாடி பக்கம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் மெல்லிசாக.

ஸ்விட்ச் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: காந்த ஸ்விட்ச் வாங்குங்கள். வெளியே வளையமாகவோ சறுக்குப் பொத்தானாகவோ இருக்கும், உள்ளே காந்தம்தான் வேலை செய்யும். உடம்பில் ஓட்டை கிடையாது, தண்ணீர் புக வழி இல்லை. மணல் புகுந்து இறுகிக்கொள்ளும் என்பதுதான் குறை, நல்ல தண்ணீரில் முன்னும் பின்னும் தள்ளிக் கழுவினால் சரியாகும். தலையைத் திருகி எரியவைக்கும் வகை எளிமையானது, ஆனால் அணைக்கிறேன் என்று ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டால் ஓ-ரிங் பிடி விட்டுவிடும். லேசாகத் தளர்த்தி வைத்ததை ஆழத்தில் அழுத்தமே உள்ளே தள்ளித் தானாக எரியவைப்பதும் உண்டு. ரப்பர் பொத்தானை அழுத்தி அழுத்தி ஐந்து மோடு தாண்டுகிற வகையைத் தொடவே தொடாதீர்கள். இருட்டில் மங்கலாக்க நினைத்து அழுத்தினால் ஸ்ட்ரோப் என்று வெட்டிவெட்டி மின்னும், அடுத்து எஸ்ஓஎஸ் வரும். கூட இறங்கியவர்கள் ஆபத்து என்று பதறி ஓடிவருவார்கள். அதிகம், குறைவு, அவ்வளவுதான் வேண்டும்.

நல்ல டார்ச்சையும் கொல்லலாம் என்பதற்கு நானே சாட்சி. ஒருநாள் இரண்டு டைவுக்கு நடுவே போட்டிலேயே செல் மாற்றினேன். என் தலை ஈரம், அவசரம். மூடியைத் திருகி இறங்கினேன். ஆறேழு மீட்டரில் வெளிச்சம் சிமிட்டத் தொடங்கியது. திருப்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள் தண்ணீர், கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஆடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. மேலே வந்து, முகத்தை ஒதுக்கி, மூடியை மெதுவாகத் தளர்த்தினேன். ‘புஸ்’ என்று காற்று சீறியது, பின்னாலேயே துரு நிறத் தண்ணீர். உப்புத் தண்ணீரும் செல்லும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகும். அடைபட்ட அழுத்தத்தில் மூடியே தெறித்துப் போகலாம், அதனால்தான் முகத்தை ஒதுக்கச் சொல்கிறேன். துடைத்துப் பார்த்தபோது கருப்பு ஓ-ரிங்கின் குறுக்கே படிந்து கிடந்தது ஒற்றைத் தலைமுடி, என்னுடையதேதான். அதன் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாய்க்கால், தண்ணீருக்கு அது போதும்.

அதிலிருந்து என் பழக்கம் இது. செல்லை அறையிலேயே, உலர்ந்த கையோடு மாற்றுவது. ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாமல், பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் மெல்லக் கிளப்பி எடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று உருட்டுவது. கண் தவறவிடும் வெட்டு விரலில் தட்டும். பள்ளத்தை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைப்பது, பஞ்சுக் குச்சி நூலை விட்டுவிட்டுப் போகும். பிறகு சிலிக்கான் கிரீஸ், ஒரு மிளகு அளவு. ஓ-ரிங் பளபளக்க வேண்டும், வழியக் கூடாது. அதிகம் தடவினால் மணலை அழைத்து உட்காரவைத்த மாதிரிதான். வாசலினும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

செல் வாங்குவதிலும் ஏமாற்று அதிகம். 18650 அளவில் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொய் என்று சொல்லிவிடலாம். அதைவிடப் பெரிய 21700 செல்லே 5,000 பக்கம்தான் தாங்கும். கடையில் வைத்தே கண்டுபிடிக்க எளிய வழி எடை. நல்ல 18650 செல் 45 கிராமைத் தாண்டும். போலிகள் 30 கிராமுக்கும் கீழே இருப்பதைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த செல்லை மலிவு என்று வாங்காதீர்கள். பாதுகாப்பு மின்சுற்று உள்ள செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும், உங்கள் டார்ச்சுக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்துவதாக இருக்க வேண்டும். டைவ் சீசன் முடிந்தால் செல்லை வெளியே எடுத்து, பாதி சார்ஜில் வையுங்கள்.

ஆக, உங்கள் ஆறாயிரத்தை எப்படிப் பிரிப்பது? ஒற்றைச் செல், உண்மையான 1,000 லூமன் அக்கம்பக்கம், குறுகிய கற்றை, 100 மீட்டர், காந்த ஸ்விட்ச். ஆர்காடார்ச், சோஃபிர்ன், எக்ஸ்டார் மாதிரிக் கம்பெனிகளில் இந்த வகை டார்ச்சுகள் உண்டு. பணத்தில் பெரும் பங்கு இதற்குப் போகட்டும். செல்லும் சார்ஜரும் சேர்ந்த பெட்டியாகக் கிடைத்தால் கொஞ்சம் மிச்சம். மிஞ்சுவதில் இன்னொரு நல்ல செல், ஒரு ஜோடி உபரி ஓ-ரிங், ஒரு சின்ன டப்பா கிரீஸ், மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. வெளிச்சத்தின் நிறம் 5,000 கெல்வின் பக்கம் இருந்தால் கண்ணுக்கு இதம், 6,500 என்றாலும் குடிமுழுகிவிடாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: வருடத்துக்கு ஒரு நைட் டைவ்தான் செய்வேன் என்றால் டார்ச்சே வாங்காதீர்கள், சென்டரில் வாடகைக்கு எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் உங்களுக்கென்று ஒரு நல்ல மாஸ்க் வாங்குங்கள். பகலில் ஒவ்வொரு பாறை இடுக்கையும் குனிந்து பார்க்கிற ஆள் என்றால் மட்டும் டார்ச்சுக்குப் போட்ட காசு திரும்பும்.

வந்து சேர்ந்ததும் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். முதல் டைவுக்குச் செல் போடாமல் கொண்டுபோங்கள். உள்ளே செல்லுக்குப் பதிலாக ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வையுங்கள். 18 மீட்டர் போய்விட்டு வந்து, நல்ல தண்ணீரில் அலசி, வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கிளம்பும் முன் புதுச்சேரியிலேயே ஒரு வார இறுதியில் இதை முடித்துவிடலாம். டார்ச்சைக் காற்றில் அதிக நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிடாதீர்கள், அதைக் குளிரவைப்பது தண்ணீர்தான்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் போவீர்கள். உபரி லித்தியம் செல்கள் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வைத்து, முனையில் டேப் ஒட்டுங்கள். டார்ச்சிலிருந்தும் செல்லைக் கழற்றிவிடுங்கள். பைக்குள் தவறி எரிந்துவிட்டால் துணியைப் பொசுக்குகிற சூடு அதற்கு உண்டு.

ஹேவ்லாக்கில் நைட் டைவ் பெரும்பாலும் லைட்ஹவுஸ் என்கிற இடத்தில்தான் நடக்கும், ஆழம் குறைவு. இரவில் ஆளுக்கு இரண்டு டார்ச் கட்டாயம், ஒன்று செத்தால் இன்னொன்று. உங்களுடையதை ஒன்றாக வைத்துக்கொண்டு மற்றதைச் சென்டரில் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரில் கட்டும் சின்ன விளக்கையும் அவர்களே தருவார்கள். சைகைகள் எளிது: வெளிச்சத்தால் தரையில் வட்டம் போட்டால் நலம், மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினால் இங்கே பார், வேகமாக ஆட்டினால் ஆபத்து. கைச் சைகை காட்டும்போது வெளிச்சத்தை உங்கள் கைமேல் அடியுங்கள், எதிராளி முகத்தில் வேண்டாம். இருட்டுக்குப் பழகின கண் திரும்பப் பழகப் பல நிமிடம் ஆகும், அதுவரை அவர் குருடர்தான். தன்னைச் சுற்றிக் கோழைப் படலம் கட்டிக்கொண்டு பாறையடியில் தூங்கும் கிளிமீனைப் பார்த்தால் ஒருமுறை பார்த்துவிட்டு வெளிச்சத்தை நகர்த்திவிடுங்கள்.

நடுவில் ஒரு இடத்தில் உங்கள் பயிற்சியாளர் எல்லோரையும் மணலில் உட்காரவைத்து வெளிச்சத்தை மறைக்கச் சொல்லலாம். கையை வீசினால் நீலப் பொறி பறக்கும், மிதவை உயிரிகளின் வேலை அது. அப்போது டார்ச்சை அணைக்காதீர்கள். அணைத்தால் மறுபடி எரிய அடம்பிடிக்கிற டார்ச்சுகளை நிறையப் பார்த்தாயிற்று. டார்ச்சின் கண்ணாடியை நெஞ்சோடு அழுத்தி வைத்துக்கொண்டால் போதும்.